வேலை தேடிக் கப்பலேறிய நான்கு சொற்கள்

1908ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் நான்கு பேர் மனிதர்கள் அல்லர், சொற்கள். ஜெர்மன் மொழியில் வேலை இழந்தவர்கள். ஓஹைம் என்றால் அங்கே தாயின் சகோதரன், ஃபெட்டர் என்றால் தகப்பனின் சகோதரன், மூமெ தாயின் சகோதரி, பாஸெ தகப்பனின் சகோதரி. பல நூறு வருஷம் அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிரான்சு தேசத்திலிருந்து முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு ஓங்கெல் என்று ஒருவனும் டான்டெ என்று ஒருத்தியும் வந்தார்கள். தாய்வழி தகப்பன்வழி என்ற வித்தியாசமே பார்க்காமல் ஓங்கெல் இரண்டு ஆண்களின் இடத்தையும், டான்டெ இரண்டு பெண்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். பெரிய வீடுகளில் அது நாகரிகமாகப் பட்டது, மற்ற வீடுகள் பெரிய வீடுகளைப் பார்த்தன. ஃபெட்டரையும் பாஸெயையும் சித்தப்பா மகன், அத்தை மகள் என்று சின்ன வேலைக்கு இறக்கிவிட்டார்கள். மற்ற இருவரைக் கூப்பிட ஆளே குறைந்துபோனது. கூப்பிட ஆளில்லாத சொல் இளைத்துத்தான் போகும். உறவை இன்னும் பிரித்துக் கூப்பிடுகிற சனங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நால்வரும் கப்பலேறினார்கள். துறைமுகத்து டாக்டர் ஓஹைமின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டபோது துடிப்புக்குப் பதிலாக யாரோ தூரத்தில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அம்மை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அப்போது செங்கல் சூளைகளும் ரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களும் இருந்தன. லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் தனியாகக் கப்பலேறி வந்தவர்கள். அரிசி கிடைத்தது, வேலை கிடைத்தது, ஒரு அத்தையோ மாமனோ மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ரயில் பாதையில் வேலை பார்த்தவரின் மனைவி பவுனம்மாள் தன் மகள் சீதாலெட்சுமிக்குக் காது குத்தாமலே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும், அந்த மடிக்கு எங்கே போவது? கிணற்றடியில் தண்ணீர் கேட்டு வந்த மெலிந்த வெள்ளைக்காரரிடம் அவள் பேரைக் கேட்டாள். கப்பலில் வரும்போதே தமிழ் கற்றுக்கொண்டிருந்த அவர், “ஓஹைம்” என்றார். அப்படியென்றால் என்ன என்றாள்.

“சரியாத் தெரியலம்மா. தாத்தா வீட்டுல இருக்கறவன்னு எங்க ஊர்ப் படிச்சவங்க சொல்லுவாங்க.”

“அம்மா வீட்டுத் தாத்தாவா?”

“ஆமா.”

“அது தாய்மாமன்ல,” என்றாள் பவுனம்மாள். அடுத்த வெள்ளிக்கிழமை சீதாலெட்சுமி அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். அன்று சாயங்காலம் ஓஹைமின் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நால்வருக்கும் ஓய்வே இல்லை. பேர் வைக்கிற வீட்டில் பாஸெ அத்தையாக நின்றாள், பிள்ளை பெற்றவளுக்கு மூமெ சின்னம்மாவாகப் பத்தியம் சமைத்தாள், அப்பன் அடிக்க வரும்போது ஃபெட்டர் சித்தப்பாவாகக் குறுக்கே விழுந்தார். எல்லோரையும்விட ஓஹைமுக்குத்தான் கிராக்கி. வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் மடியில்தான் காது குத்தினார்கள். மாமா என்று கூப்பிட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சுற்று பெருத்து, சில வருஷத்தில் நல்ல தொப்பையோடு நடந்தார். 1914இல் ஜெர்மனியோடு சண்டை வந்தபோது ஜெர்மன்காரர்களைத் தேடிப் போலீஸ் வந்தது. நால்வரும் வரிசையாக உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தத் தேசம் என்று கேட்டதற்கு மூமெ, “இது என் அக்கா வீடு” என்றாள். போலீஸ்காரர்கள் வேறு தெருவுக்குப் போனார்கள்.

ஓஹைம் யாரை அதிகம் நேசித்தார் என்று கேட்டால் லயத்தில் எல்லோரும் கன்னையாவைத்தான் சொல்வார்கள். மாரியாயியின் ஒரே மகன், நடக்கப் பழகுமுன் தகப்பனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன். மாமன் தோளில் உட்கார்ந்துதான் அவன் முதல் ரயிலைப் பார்த்தான். மாமனோடுதான் கிள்ளான் ஆற்றில் தூண்டில் போட்டான். வளர்ந்து செந்தூல் ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக மாமனுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தான். மழையில் நனைந்தால் சொற்களுக்குச் சளி பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் வாங்கினான்.

1929இல் கன்னையாவும் சீதாலெட்சுமியும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். இரண்டு தாய்மார்களுக்கும் சந்தோஷம். கோயில் தலைவர் பக்கிரிசாமியிடம் நாள் கேட்கப் போனார்கள். பக்கிரிசாமி கெட்டவர் அல்ல, ஆனால் முறை என்று வந்துவிட்டால் சாமி சொன்னாலும் கேட்க மாட்டார். வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தார்.

“ரெண்டு பேருக்கும் யாரு தாய்மாமன்? ஒரே ஆளு. அப்ப ரெண்டு தாயும் அக்கா தங்கச்சி. அக்கா தங்கச்சி பிள்ளைங்க என்ன முறை வேணும்? நான் ஒண்ணும் புதுசா சொல்லலயே.”

அண்ணன் தங்கை. அன்றைக்குத்தான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே தான் செய்த காரியம் உறைத்தது. ஒரே மாமனைப் பங்கு போட்டதில் வட்டாரமே ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆகியிருந்தது. கல்யாண வயதில் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் திடுக்கிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்களில், மேருவிலும் கேரி தீவிலும், மாப்பிள்ளை தேடத் தொடங்கினார்கள். சீதாலெட்சுமிக்கு மேருவில் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணியைப் பேசினார்கள். அவள் சோற்றைத் தொடவில்லை. கன்னையா பட்டறையில் கையை நசுக்கிக்கொண்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓஹைம் குடையோடு நடந்துகொண்டே இருந்தார், எந்த வீட்டிலும் உட்காரவில்லை.

வழியையும் பக்கிரிசாமியேதான் கண்டுபிடித்தார். ரயில்வே ஆபீசில் கிராணிகளின் பிள்ளைகள் துரைமார்களைப் பார்த்து அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அங்கிள் என்பவர் தாய்வழியும் இல்லை, தகப்பன்வழியும் இல்லை, அவரால் எந்த முறையும் கெடாது. கோயிலில் நாலு பேர் முன்னால் கன்னையா ஓஹைமை ஒரு தடவை அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டால் போதும், மாமன் உறவு அறுந்துவிடும். அங்கிள் என்பது வேறு யாருமில்லை, ஓங்கெலின் உடன்பிறந்தவன். எந்த வாய்க்குத் தப்பி ஓஹைம் கடல் கடந்து வந்தாரோ அந்த வாய் இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

கன்னையா முடியாது என்றான். கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தான். ஓஹைம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கூப்பிடுடா. நான் என்ன செத்தா போயிருவேன்?”

“என் கண்ணுக்குத் தெரிய மாட்டீங்க மாமா.”

“தங்கச்சி பிள்ளைக்குக் கல்யாணம் முடிச்சு வைக்கறது யாரு வேலை? மாமன் வேலைதானே. நான் வேலை தேடித்தான் இந்த ஊருக்கு வந்தேன்.”

கல்யாணத்தன்று காலையில் கன்னையா கூப்பிட்டான். குரல் பாதியில் உடைந்தது, ஆனாலும் பக்கிரிசாமி அதைச் செல்லும் என்று எடுத்துக்கொண்டார். மணமகள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், ஓஹைம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சீதாலெட்சுமியின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வந்ததைப் பார்த்தார்கள். மணமகன் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், பெண் தன் கையைக் காற்றில் நீட்டியபடி தனியாக நடந்து வந்ததைப் பார்த்தார்கள். மாரியாயி தேம்பித் தேம்பி அழுதாள். வந்திருந்த கிள்ளான்காரர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு வீடு அங்கிள் என்றது, முகூர்த்தத்துக்கு ஒரு வீட்டில் ஓஹைம் மறைந்தார். தொப்பை கரைந்தது. சீதாலெட்சுமி மட்டும் தினமும் மத்தியானம் மனைப்பலகை போட்டு அவருக்கு இலை வைத்தாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற கன்னையாவுக்கு இலையில் சோறு குறைவது தெரியும், ஆள் தெரியாது. மனைவி வழியில் ஓர் உறவு சொல்லிக் கூப்பிடலாம் என்று பார்த்தால், மாமியார் அத்தை முறை என்பதால் அவள் அண்ணன் சித்தப்பா முறையாக வந்தார். சித்தப்பா இடத்தில் ஃபெட்டர் இருந்தார், ஒரு முறை பறிபோன இடத்தை அவர் இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கன்னையா அந்தக் குடையை ஆணியில் மாட்டி வைத்து அவ்வப்போது தூசி தட்டினான். அவனுக்கு மாமனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

1931இல் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவன் தவழத் தொடங்கியிருந்த சமயம், மழை பெய்த ஒரு மத்தியானம் கன்னையா பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. சீதாலெட்சுமி பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சட்டை மாட்டுகிற அவசரத்தில், பிள்ளை பெற்ற எல்லா ஆண்களும் பிள்ளையின் வாயாலேயே உறவைச் சொல்கிற மாதிரி, கன்னையா மனைப்பலகையைக் காட்டி, “போடா, தாத்தாகிட்ட போ” என்றான்.

அம்மாவின் தாய்மாமன் பிள்ளைக்குத் தாத்தா. பக்கிரிசாமியே வந்தாலும் மறுக்க முடியாத முறை அது. பலகையில் ஓஹைம் உட்கார்ந்திருந்தார். மிகவும் இளைத்திருந்தார். தாத்தா வீட்டில் இத்தனை காலம் குடியிருந்தவர் கடைசியில் தாத்தாவாகவே ஆகியிருந்தார். பிள்ளை தவழ்ந்துபோய் மடியில் ஏறிக்கொண்டது.

கன்னையா ஒரு கையில் சட்டையோடு அப்படியே நின்றான்.

“முடியெல்லாம் நரைச்சிருச்சே,” என்றான்.

“ஆகாதா பின்ன. இப்பத்தான் கூப்பிடத் தோணுச்சா உனக்கு?”

“ரசம் ஊத்தட்டுமா தாத்தா?”

ஊற்றினான், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி தரையில் போனது. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த சீதாலெட்சுமி தரையைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தான். பட்டறையில் சங்கு ஊதியது. தாத்தாவும் பேரனும் குடையை விரித்து வைத்து அதற்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்ததால், கன்னையா மழையில் நனைந்துகொண்டே வேலைக்குப் போனான்.