மேகமில்லா வானத்திலிருந்து ஒரு குத்து

மாலை ஐந்துக்குள் ரூபனுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். போன செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் தனேஷின் முகத்தில் ஒரே குத்து. குத்தியதை அவன் மறுக்கவில்லை. ஏன் குத்தினாய் என்றால்தான் வாய் திறக்க மாட்டான்.

தொழிற்சங்கத்திலிருந்து அவனுக்காக வாதாட வந்த கலாதேவிக்கு அதுதான் தலைவலி. காரணமில்லாமல் கைநீட்டியவனை நிறுவனம் வைத்துக்கொள்ளாது. விசாரணை அறை வாசலிலேயே கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். கடைசியில் ரூபன் அவளிடம் மட்டும் சொன்னான்.

“என் தங்கச்சியப் பத்தி அவன் ஒண்ணு சொன்னான்க்கா. அவ பேரு இந்த ஃபைல்ல ஏறக்கூடாது. வேலை போனா போகட்டும்லா.”

உள்ளே, விசாரணை அதிகாரி பூபாலசிங்கம் தனேஷின் ஆங்கிலப் புகாரை வாசித்தார். அரைப் பக்கத்துக்குள் மூன்று முறை அதே சொற்கள்: ‘அவுட் ஆஃப் தி புளூ’. கலாதேவி எழுதுவதை நிறுத்தினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தனேஷிடம் கேட்டாள்.

தனேஷ் சிரித்தான். “இங்கிலீஷ் கிளாஸாக்கா? நீல வானம், ஒரு மேகம் இல்ல. திடீர்னு இடி விழுது. அந்த மாதிரி. கொஞ்சம்கூட எதிர்பார்க்கல.”

அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னாள். பிறகு தனேஷின் மருத்துவ அறிக்கையை எடுத்தாள். இடது புருவத்தில் வெட்டு, கண் வீக்கம். அவன் போட்டிருக்கும் கண்ணாடி புதிதா என்று விசாரித்தாள். இல்லை, இரண்டு வருடம் ஆகிறதாம். அதில் கீறல்கூட இல்லையே என்றாள். குத்து விழுந்தபோது அது சட்டைப்பையில் இருந்தது என்றான். கண்ணாடி இல்லாமல் பெட்டியின் லேபிளைக்கூட அவனால் படிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டான்.

“அப்ப வேலை நேரத்துல ஏன் கழட்டினீங்க?”

“ஒடஞ்சா கண்ணுல குத்திடும்லா.”

சொன்ன பிறகுதான் தனேஷுக்கு உறைத்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

பூபாலசிங்கம் மெதுவாக நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரூபனிடம் என்ன சொன்னான் என்று தனேஷைக் கேட்டார். ரூபனின் நாற்காலி பின்னால் சரிந்தது. எழுந்து கதவை நோக்கி நடந்தான்.

கலாதேவி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அந்த வார்த்தை வேணாம் சார். அடி விழும்னு தெரிஞ்சுதான் சொன்னாரா, அத மட்டும் கேளுங்க.”

அதிகாரி கேட்டார். தனேஷ் மேசையைப் பார்த்தபடி சொன்னான்.

“தெரியும்.”

தீர்ப்பு நான்கு ஐம்பதுக்கு வந்தது. கைநீட்டியதற்கு ரூபனுக்கு இரண்டு வாரம் இடைநீக்கம். வேலை இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் பூபாலசிங்கம் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘வேண்டுமென்றே தூண்டப்பட்டார்.’

ரூபன் அந்தத் தாளில் மூன்று தரம் தேடினான். தங்கையின் பெயர் எங்கும் இல்லை. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டான்.