இரண்டு தெருவுக்கு ஒரு தொட்டி

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் திவ்யதர்ஷினி கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "மேடம், என்னைத் தெரியுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினாள். ஹஸீனா!

புதுக்கோட்டைப் பக்கம் வேம்பன்வயலில், திவ்யாவின் சிங்கப்பூர் நிறுவனம் அமைத்த 'ஸ்மார்ட் கிராம'த் திட்டத்தைக் கவனித்துவந்தவள் ஹஸீனா. தண்ணீர்த் தொட்டியில் பொருத்திய கருவி மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் முறைவைத்துத் தானே தண்ணீரைத் திறந்துவிடும். திவ்யா மூன்று வாரம் அங்கே தங்கிப் பயிற்சி கொடுத்தாள். ஹஸீனா இரண்டே நாளில் கருவியைக் கற்றுக்கொண்டாள். மீதி நாளெல்லாம், யாரிடம் எப்போது பேசினால் சண்டை வராது என்பதைத் திவ்யாதான் அவளிடம் கற்றாள்.

"இங்க எப்ப வந்தீங்க?"

"நாலு மாசமாச்சு மேடம். பிடோக்ல வீட்டு வேலை."

"அப்ப தொட்டிய யார் பாக்குறா?"

பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கி உட்கார்ந்த பிறகுதான் ஹஸீனா பேசினாள். "நீங்க குடுத்த சர்ட்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டிருக்கேன். அதுல சம்பளம் இல்லையே மேடம். எங்க வீட்டுக்காரரு சாரத்துலேந்து விழுந்து முதுகு போச்சு. நான் என்ன செய்ய?"

திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். 'உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர்' என்று திட்ட அறிக்கையில் எழுதியவளே அவள்தான்.

அப்போது ஹஸீனாவின் போன் அடித்தது. வீடியோவில் தொட்டியடி தெரிந்தது. ஒரே கூட்டம், கூச்சல்.

"ஹஸீனா, இந்த மெஷின் மேலத்தெருவுக்கே விடுதும்மா! எங்க பக்கம் சொட்டு இல்ல!"

திவ்யா தன் போனில் கருவியின் கணக்கைத் திறந்தாள். இரண்டு தெருவுக்கும் நாற்பது நாற்பது நிமிடம். "ரெண்டு பக்கமும் சரியாத்தான் போயிருக்கு" என்றாள் சத்தமாக.

"யாரும்மா நீ?" என்றது ஒரு குரல்.

ஹஸீனா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மச்சான், குழாய் எங்கயாச்சும் ஒழுகுதான்னு பாருங்க. முன்னாடி ஒருதரம் அப்படித்தானே ஆச்சு?"

கூச்சல் கொஞ்சம் அடங்கியது. "நீ வந்து நின்னு சொல்லு. அப்ப நம்புறோம்."

"நான் எப்படி மச்சான் வர்றது? ரெண்டு வருஷ வேலை பெர்மிட்."

யாரோ யாரையோ தள்ளினார்கள். கல்லால் இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது. திவ்யாவின் போனில் கீழத்தெரு வால்வு சிவப்பாகி, 'தொடர்பு இல்லை' என்று வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் திவ்யா மேலாளர் ராஜீவிடம் போனாள். "ஊர்லயே ஒருத்தருக்கு மாசச் சம்பளம் குடுத்தா போதும், ராஜீவ்."

"ப்ராஜெக்ட் க்ளோஸ் பண்ணியாச்சு லா, திவ்யா. மெஷினுக்கு வாரண்டி இருக்கு, புதுசு அனுப்பலாம். ஆள் சம்பளத்துக்கு எங்க போறது?"

"புதுசு அனுப்பினா யார் மாட்டுவா? மாட்டினவங்க சொன்னா ஊர்ல யார் கேப்பா?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். "தெரியல" என்றான்.

அன்று மாலை பொங்கோலில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஹஸீனாவின் குரல் செய்தி வந்தது. "மேடம், ஏதாச்சும் வழி கெடச்சுதா? எங்க அம்மா இப்ப பக்கத்து ஊருக்குப் போய்த் தண்ணி தூக்குது. ஊர்க்காரங்க எனக்கே போன் பண்றாங்க, வேலை நேரத்துல எடுக்க முடியல."

திவ்யா பதில் பேசப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். "ஹஸீனா..." என்றாள். விரலை எடுத்ததும் அந்த ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது.