மெஷின் மூக்கில் ஒரு துண்டு

...இழுத்தால் வந்துவிட வேண்டும், இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது, மூக்கில் இருக்கிற வளையத்தை முன்னால் இழுத்தால் உள்ளே இருக்கிற பிடி விட்டுவிடும், ஸ்க்ரூவைத் திருகுகிற பிட் கையோடு வந்துவிடும், இத்தனை வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, இன்றைக்கு மட்டும் என்ன கேடு இதற்கு, வளையம் நன்றாகத்தான் அசைகிறது, உடைந்த துண்டுதான் அசையமாட்டேன் என்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நகக்கண் அளவுகூட இல்லை, குறடு வைத்தால் வழுக்குகிறது, வழுக்கி என் விரலைத்தான் கடிக்கிறது. ஸ்க்ரூ முடுக்குகிற மெஷின் இல்லாமல் சமையலறை அலமாரி வேலையில் என்னத்தைக் கிழிப்பது, பாதிக் கதவு மாட்டியாயிற்று, மீதி சுவரில் சாய்ந்து நிற்கிறது, வீட்டுக்கார அம்மா வாசற்படியில் வந்து நின்று சாயங்காலம் அடுப்பை உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டுவிட்டுப் போகிறாள், போய்விட்டு மறுபடி வருகிறாள், நானும் கொண்டுவரலாம் கொண்டுவரலாம் என்று தலையை ஆட்டுகிறேன், பாவம், எத்தனை நாள்தான் கூடத்தில் சமைப்பாள். என் வீட்டுக்காரர் புது பிட் வாங்கப் போயிருக்கிறார். மேல் அலமாரியின் கீலை முடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம், பிட்டின் தலை தரையில் விழுந்து உருண்டது, இவர் மெஷினைத் திருப்பிப் பார்த்தார், சரக்கு மட்டம், கழட்டி வை, புதுசு வாங்கிட்டு வரேன் என்றார், என் மடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். துடைக்கக்கூட என்னிடம் தராத மெஷின். அதை என் தலையில் கட்டிவிட்டுப் போகிற ஆளா இவர்?

சரக்கு மட்டமாம். யாரிடம் சொல்கிறார், கல்யாணமான நாளிலிருந்து பலகை பிடித்துக் கொடுக்கிறவளிடமா, மெஷின் நேராக நின்றால் பிட் ஏன் உடைகிறது, சாய்த்து அழுத்தினால்தான் கழுத்தில் முறியும், அது எனக்கே தெரியும்போது இவருக்குத் தெரியாதா. இவருக்குக் கை நடுங்குகிறது. வலது கை. எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால் பிடிபடவில்லை, டீயை அரைக் கிளாஸ் போதும் என்று சொல்ல ஆரம்பித்தாரே, அப்போதா, இல்லை அதற்கும் முன்பா, சட்டையில் மேல் பித்தானைப் போடாமல் விட்டுவிட்டுப் புழுக்கம் என்றாரே... நான் கண்டும் காணாமல் இருக்கப் பழகிவிட்டேன். டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒரு தடவை வாய்விட்டேன், தூக்கமில்லை, அவ்வளவுதான், என்று எழுந்து போனவர் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை, அதோடு நானும் மென்று முழுங்கிவிட்டேன். அதற்குப் பதில் என்ன செய்கிறேன், இவர் கை கழுவவோ வெளியே காற்று வாங்கவோ போகிற நேரம் பார்த்துத் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, கோணலாக இறங்கிய ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி நேராக்கி இறுக்குகிறேன், திருடிபோல வாசலைப் பார்த்துக்கொண்டே. வேறு வழி? அடுப்புக்கு மேலே தொங்கப்போகிற அலமாரி, நாளைக்குப் பாத்திரம் அடுக்குவாள், கீழே நின்று சமைப்பாள், சுவரில் பிடி சரியில்லாமல் பெயர்ந்து அந்த அம்மா தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது. சில வீடுகளை விட்டு வந்த பிறகும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டேனோ, கடைசி மூலை, கடைசிக் கீல்... மணிக்கட்டு வலிக்கிறது. வேலை செய்து வருகிற வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒளித்து ஒளித்துச் செய்கிற வேலைதான் ஆளை உருக்குகிறது.

சரி, எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய், ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பேட்டரியைக் கழற்றியாயிற்றா, கழற்றியாயிற்று, மெஷினைக் கவிழ்த்துப் பிடித்து மூக்கில் சுத்தியல் பிடியால் தட்டுகிறேன், தட்டிக்கொண்டே வளையத்தை இழுக்கிறேன், ஊஹூம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துண்டைச் சுற்றி ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது, மரத்தூள் என்று ஊசியால் குத்தினால் தூளாக வரவில்லை, செதில் செதிலாக வந்தது, கண்ணாடிபோல ஒரு சில்லு. பசை. நொடியில் ஒட்டுமே, கையில் பட்டால் தோலோடு வருமே, அந்தப் பசை. எந்தப் படுபாவி செய்த வேலை இது, பழுது பார்க்கக் கொடுத்த கடைக்காரனா, இல்லையே, இதைக் கடைக்கே கொடுத்ததில்லையே. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்கார அம்மாவிடம் போய், இந்தப் பசையை இளக்குமே, நெயில் பாலிஷ் ரிமூவர், அது இருக்கிறதா என்று கேட்டேன், அவள் என் கையைப் பார்த்தாள், காய்ப்பும் தூசியும் பிளந்த நகமும், சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்து வந்து கொடுத்தாள், சிரிக்கட்டும், எனக்கே சிரிப்பு வந்தது. துளித் துளியாக விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். வாசனை தலையைச் சுற்றுகிறது.

யார் ஒட்டியிருப்பார்கள்? இவர் மெஷினை இவரைத் தவிர யார் தொடுகிறார்கள். பிட் ஆடுகிறது என்று ஒட்டினாரா, கை ஆடுவதை மெஷின் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டா, அப்படியானால் பரவாயில்லை, பாவம் மனிதர்... இல்லை. இரு. ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது, கழற்ற முடியாவிட்டால் மாற்ற முடியாது. ஒரே பிட். அதனால்தானா கீலுக்கும் கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தலை வைத்த ஸ்க்ரூ வாங்க ஆரம்பித்தார், கைப்பிடிக்கு இது பொருந்தாதே என்று நான் கேட்டதற்கு எல்லாம் பொருந்தும் என்று எரிந்து விழுந்தாரே, துளை போடுவதற்கென்று தனியாக இன்னொரு மெஷின் தூக்கிக்கொண்டு வருகிறாரே, இரண்டு எதற்கு, முதுகு உடைகிறது என்று நான் புலம்பினேனே. நடுங்குகிற கையால் அந்தச் சின்னத் துளைக்குள் பிட்டை நுழைக்க முடியவில்லை இவரால். அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று ஒரேயடியாக ஒட்டிவிட்டார். எங்கே உட்கார்ந்து ஒட்டினார், நான் துணி உலர்த்தப் போயிருந்த நேரமா, ஒட்டும்போதும் கை நடுங்கியிருக்குமே. நான் இவரிடமிருந்து ஸ்க்ரூவை ஒளிக்க, இவர் என்னிடமிருந்து பிட்டை ஒளிக்க, நல்ல குடும்பம். கோபம்தான் வந்தது முதலில், என்னை என்ன நினைத்துவிட்டார், நான் என்ன ஊராளா... பிறகு கோபப்படக்கூடத் தெம்பில்லை, அப்படியே அந்தத் தரையில் படுத்துவிடலாம்போல இருந்தது.

தட்டினேன். உடைந்த துண்டு, விரித்திருந்த பழைய பேப்பரில் விழுந்தது, இவ்வளவுதானா என்கிற மாதிரி. வெள்ளைச் செதில்களைத் தட்டிவிட நேரமில்லை, செருப்புச் சத்தம், இவர் வந்துவிட்டார், கையில் பிட் பாக்கெட். வந்துடுச்சா என்றார். வந்துவிட்டது, உள்ளே தூசி அடைத்திருந்தது என்றேன், எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், பழக்கம். இவர் பேப்பரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த ரிமூவர் சீசாவைப் பார்த்தார், என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தூசி இல்ல. பசை."

முகத்தில் கோபம் இல்லை. களைப்பு, என் முகத்தில் இருக்கிற அதே களைப்பு. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் பார்த்தா என்னங்க, நான் யாரு?" என்றேன்.

"நீ பார்த்தா பரவாயில்ல. பார்க்கட்டும்னுதானே மெஷின உன்கிட்ட குடுத்துட்டுப் போனேன். ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவ நான் பிட்டு மாத்தும்போதும் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப்ப. அதத்தான் தாங்க முடியல."

திரும்பிக்கொள்வேனா, ஆமாம், திரும்பிக்கொள்வேன், பலகையைத் துடைக்கிற மாதிரி, பையில் எதையோ தேடுகிற மாதிரி, மரியாதை என்று நினைத்துத்தானே செய்தேன், அவருக்குச் சங்கடம் வேண்டாமே என்று... இவர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார், ஒரு பிட்டை எடுத்தார், மெஷினை மடியில் வைத்துக்கொண்டு நுழைக்கப் பார்த்தார். துளையின் விளிம்பில் இடித்தது. மறுபடி இடித்தது, டிக் டிக் என்று, வீட்டுக்கார அம்மா வேறு வாசற்படியில் வந்து நிற்கிறாள், என் கழுத்து தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பப் போனது, பிடித்து நிறுத்தினேன், உதவிக்கு நீண்ட கையையும் மடக்கிக்கொண்டேன். அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே போகவில்லை இன்னும், இவரும் தலை நிமிரவில்லை, இப்படிப் பார்ப்பது மட்டும் இவருக்கு வலிக்காது என்று யார் சொன்னது.