எப்பா என்ற சொல்

முழங்கால் வலிக்கு மருந்து எடுக்கப் போவதாகத்தான் மாயாண்டி லொறியில் எல்லாரிடமும் சொன்னார். அதே லொறியில், தேயிலைக் கொழுந்துச் சாக்குகளில் சாய்ந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டு வந்தவள் அவருடைய ஒரே மகள் நாகலெட்சுமி. பக்கத்தில் மருமகன் செல்லசாமி. டவுன் ஆஸ்பத்திரி வரும்வரை மாயாண்டி மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

மகளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. செல்லசாமியின் குடும்பம் எழுபத்தேழு இனக்கலவரத்தில் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அங்கே வளர்ந்தவன், சண்டைக்குப் பயந்து தொண்ணூற்றாறில் திரும்பி வந்து, வந்த வேகத்தில் நாகலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டான். "எனக்கு மக இல்ல" என்று மாயாண்டி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பிரசவ அறைக்கு வெளியே கிடந்த வாங்குப் பலகையில் ஒரு முனையில் மருமகன், மறுமுனையில் மாமனார். மாமனார் கையில் முழங்காலுக்கு எடுத்த நம்பர் துண்டுச்சீட்டு. அவருடைய நம்பரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உள்ளேயிருந்து, "எப்பா... எப்பா..." என்று சத்தம் வந்தது.

தாய் முகம் தெரியாமல் வளர்ந்தவள் நாகலெட்சுமி. மற்றப் பெண்கள் "அம்மா" என்று கத்துகிற இடத்தில் அவளுக்கு வாயில் வருவது "எப்பா"தான். ஒவ்வொரு தடவையும் மாயாண்டியின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. ஆனாலும் மனுஷன் எழுந்திருக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். செல்லசாமியிடம் சிங்களத்தில் படபடவென்று பொரிந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வெட்டி எடுக்க வேண்டும், ஆனால் ஒப்பரேஷனா என்று எத்தனை தடவை கேட்டாலும் உன் மனைவி வேண்டாம் என்கிறாள், தமிழ் தெரிந்த மிஸ் இன்றைக்கு லீவு, வேண்டாமென்றால் நீ கையெழுத்துப் போடு, பிறகு எங்களைக் குறை சொல்லாதே என்றாள்.

கிளிநொச்சியில் வளர்ந்த செல்லசாமிக்குச் சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாது. யூனிபோம் உடுப்புப் போட்டவர்கள் நீட்டுகிற பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும். "சரி மிஸ், சரி மிஸ்" என்று பேனாவை வாங்கினான்.

மாயாண்டிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம். மகள் அப்பனைக் கூப்பிடக் கூப்பிட, அவள் உயிரே வேண்டாம் என்கிறாள் என்று எழுதப் பார்க்கிறார்கள்.

நம்பர் துண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். மருமகன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். "மிஸ், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தகப்பனைக் கூப்பிடுகிறாள்" என்றார் சிங்களத்தில்.

"தகப்பன் எங்கே?"

மாயாண்டி பேனாவை நர்ஸிடம் நீட்டினார். பிறகு, "மம தமயி" என்றார். நான்தான்.

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு நேரம் இங்கே உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

மாயாண்டி அவளைத் தாண்டிக் கதவோரம் போய் நின்று, "நாகு, நாந்தாம்மா. வயித்த வெட்டித்தான் எடுக்கணுமாம். சரின்னு சொல்லு தாயி" என்றார்.

"சரிப்பா. நீங்க போயிராதீங்கப்பா" என்று உள்ளேயிருந்து வந்தது.

அதற்குப் பிறகான ஒரு மணி நேரத்தை மாயாண்டி நின்றே கழித்தார். முழங்கால் உண்மையாகவே வலித்தது.

நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்தாள். தாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை, ஆனால் பயமில்லை என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, "தாத்தா கோ?" என்றாள்.

சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன், கோ என்றால் எங்கே. செல்லசாமிக்கு அது எங்கே தெரியும்? ஓடி வந்தவன் அப்படியே விலகி நின்றான். "மாமா, தாத்தாவத்தான் கேக்குறாங்க. நீங்க போங்க" என்றான்.

நியாயமாகப் பார்த்தால், ஒன்னயத்தான்டா கேக்குறாங்க என்று மாயாண்டி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். தோளுக்குப் பின்னால் செல்லசாமி எட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தும், வெட்கமாக இருந்தும், கொஞ்ச நேரம் திரும்பாமலே நின்றார்.