ரிவ்காவின் நெற்றி

தாலியா வருகிறாள் என்றதும் முதல் வேலையாக வீட்டிலிருந்த நண்டை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். யூதர்களுக்கு நண்டு, இறால், கணவாய் எதுவும் ஆகாது. செதில் உள்ள மீன்தான். விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். என் புருஷன் கில்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி, பாம்பனுக்கு வந்து நண்டு திங்காமப் போறதுக்கா அந்தப் புள்ள அம்புட்டுத் தூரத்துல இருந்து வருது?"

"அது அம்மாச்சி கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்க வருது. நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றேன்.

தாலியாவின் அந்த அம்மாச்சிதான் ரிவ்கா. இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், ஏழு வருஷம் நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட கிழவி. பிறந்தது பெல்ஜியத்தில். அவருக்கு எட்டு வயதாகும்போது அப்பாவையும் அம்மாவையும் நாஜிகள் ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். இருவரும் திரும்பவில்லை. ரிவ்காவை மட்டும் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரீகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். "சிஸ்டர்கள் நல்லவர்கள்" என்பதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. நம்ம ஆட்கள்தான் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவர் வீட்டு விதியெல்லாம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன். கறியும் பாலும் ஒரே பாத்திரத்தில் சேரவிட்டதில்லை, சனிக்கிழமை அடுப்புப் பற்றவைத்ததில்லை. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. குளிப்பாட்டலாம், கால் கழுவிவிடலாம், முகத்தை மட்டும் நான் துடைக்கக் கூடாது. ஈரத்துண்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கைநடுக்கத்தில் பாதி முகம்தான் துடைபடும். கிழவிக்கு ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவர் மகளுக்குப் போன் செய்தேன். வந்துசேர ஒரு மணி நேரமாகும் என்றாள். இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் ஊரில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். சாகக் கிடக்கும் உயிருக்குச் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிழைக்காத பச்சைப்பிள்ளைகளுக்கு என் அம்மா எத்தனையோ தடவை அப்படிக் கொடுத்திருக்கிறாள். ஏழு வருஷம் சோறு ஊட்டிய கிழவியை வெறுமனே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த தீர்த்தத்தை எடுத்து, அவர் நெற்றியில் மூன்று முறை ஊற்றினேன்.

ரிவ்கா சட்டென்று கண்ணைத் திறந்தார். "மரி," என்றார். "என் பேர் மரி." பிறகு பிரெஞ்சில் கடகடவென்று ஒரு ஜெபம். பாஷை தெரியாவிட்டால் என்ன, அது 'அருள் நிறைந்த மரியே' என்பது எனக்குத் தெரியாதா? ஜெபம் முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நான் சந்தோஷத்தில் அழுதேன்.

அவர் வீட்டாரிடம் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. ஊருக்கு வந்து ஜெபக்கூட்டத்தில் சாட்சியமாகச் சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். வருஷா வருஷம் நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசைக்கு அவர் பெயரை 'மரியாள்' என்றே எழுதிக் கொடுத்தேன்.

தாலியா வந்தாள். இருபத்திரண்டு வயது, ரிவ்காவின் அதே மூக்கு. விளைமீன் குழம்பை மூக்கில் தண்ணீர் வரச் சாப்பிட்டாள். பிறகு, பாட்டி எண்பது வயதில் பேசி, யாருக்கும் காட்டாமல் பெட்டியில் பூட்டிவைத்திருந்த ஒலிப்பதிவு போன மாதம்தான் கிடைத்தது என்று போனை நீட்டினாள். எனக்கு ஹீப்ரு மறக்கவில்லை. ரிவ்கா பேசினார்.

"விடியுமுன் சிப்பாய்கள் சோதனைக்கு வருவார்கள். சிஸ்டர் ஓடிவந்து எங்கள் நெற்றியில் தண்ணீர் தெளித்து எழுப்புவார். தண்ணீர் பட்டதும் 'என் பேர் மரி' என்று சொல்ல வேண்டும், ஜெபத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டும். ஒருநாள் பக்கத்துக் கட்டில் பெண் தூக்கக் கலக்கத்தில் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் வேறொருவர் கையால் என் முகத்தில் தண்ணீர் பட்டால், என் வாய் அந்தப் பெயரைத் தேடுகிறது. எனக்கு ஒரே ஆசைதான். சாகும்போது ரிவ்காவாகச் சாக வேண்டும்."

நான் விசுவாசம் என்று நினைத்தது விசுவாசம் இல்லை. சிப்பாய் வந்துவிட்டான் என்று எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கட்டிலில் நடுங்கியிருக்கிறது. அந்தச் சிப்பாய் நான்தான். நண்டுக்கும் பாலுக்கும் அவ்வளவு பார்த்த பாவி, முகத்தை ஏன் துடைக்கக் கூடாது என்று ஏழு வருஷத்தில் ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

"கடைசி நேரத்தில் கூட இல்லையே என்று அம்மா இன்னும் அழுகிறாள்," என்றாள் தாலியா. "பாட்டி பயந்தாளா, அதை மட்டும் கேட்டு வா என்றாள். பயந்தாளா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பாஷை புரியாமல் வாசலில் நின்ற கில்பர்ட் சிரித்த முகமாகச் சொன்னார்: "அந்த ஜெபம் சொன்னதச் சொல்லு பிரெசில்லா. புள்ள சந்தோசப்படும்ல."

சொன்னேன். தீர்த்தம், பெயர், ஜெபம், ஒன்றையும் விடவில்லை. "பயந்தார். என்னால்தான் பயந்தார்," என்றேன்.

கத்துவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கேட்டுவிட்டேன் அம்மா. பாட்டி பயப்படவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். பிரெசில்லா கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம்."

உண்மையைச் சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். நான் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை அந்தச் சின்னப்பெண் சொன்னாள். இனி ஆயுசுக்கும் அவள் அதைச் சுமக்க வேண்டும்.

"அம்மா உங்களிடம் பேச வேண்டுமாம்," என்று என் முகத்தைப் பார்க்காமலே போனைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே அழுகை. நன்றி, நன்றி என்கிறாள்.

"கடைசிவரை அம்மா கையைப் பிடித்திருந்தீர்களாமே, பிரெசில்லா?"

"ஆமாம்," என்றேன்.