பெட்டிக்குள் இன்னொரு கை

ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரச் சங்கத்தின் மாடி அறையில் கூட்டம் முடியும் தறுவாயில்தான் அந்தப் பெயர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் காதில் விழுந்தது. புதிதாகச் சேர விரும்புகிறவரின் விண்ணப்பத்தைச் செயலாளர் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பெயர், வயது, குடியிருக்கும் தெரு. தொழில், மயக்க மருந்து மருத்துவர்.

அந்தப் பெயரைக் கடைக்காரர் மறக்க வழியே இல்லை. பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அவர் மனைவியை மேசையில் படுக்கவைத்து ஊசி போட்டது அந்த டாக்டர்தான். கத்தி உடம்பில் படுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணை நடத்தினார்கள். மருந்து அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை, யார் மேலும் தவறில்லை என்றார்கள். கடைக்காரரும் தலையாட்டினார். தலைதான் ஆடியது.

சங்கத்தின் தலைவர் கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு நோட்டம் விட்டு, வழக்கப்படி விண்ணப்பதாரரின் வீட்டுக்குப் போய் விசாரித்து வர மூவரை நியமித்தார். பேக்கரிக்காரர், அச்சகக்காரர், கண்ணாடிக் கடைக்காரர்.

"எனக்கு அவரைத் தெரியும், நான் வேணாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் அந்த டாக்டரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அன்று வெளியே வந்து சேதி சொன்னது அறுவை சிகிச்சை டாக்டர். இந்த மனிதர் ஒரு பெயராக மட்டுமே மிஞ்சியிருந்தார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற வெறி நாக்கைக் கட்டிப்போட்டது. "சரிங்க" என்றார்.

அவர் வீடு கடைக்கு மேல்மாடியில். மனைவி போன பிறகும் அந்த வீட்டிலிருந்து போய்விடவில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். குளியலறைக் குழாயை அவள் முறுக்குகிற முறுக்கில், ஆண்பிள்ளையாலும் திறக்க முடியாது. இப்போதும் சில காலைகளில் அந்தக் குழாய் அப்படித்தான் இறுகிக் கிடக்கும். கடையில் இன்னும் மோசம். கண் சோதிக்கும் இருட்டறையில் முன்பெல்லாம் அவள்தான் பக்கத்தில் நின்று லென்ஸ்களை எடுத்துக் கொடுப்பாள். அவர் கேட்பார், "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா?" வாடிக்கையாளர் யோசிப்பதற்குள் இருட்டிலிருந்து பதில் வரும். "முன்னாடி போட்டதுதான்." அவள் குரல்தான், அவள் அலுப்புதான். நாற்காலியில் இருப்பவருக்குக் கேட்காது. ஆனால் வாடிக்கையாளரும் பிறகு அதையேதான் சொல்வார். ஒரு தடவைகூட அது தப்பாகிப் போனதில்லை.

முதலில் பயந்தார். பிறகு பழகிவிட்டது. பிறகு அது வராத நாட்களில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மேலே போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார்.

உறுப்பினர்கள் 'லாட்ஜ்' என்று அழைக்கும் அந்தச் சங்கத்தில் அவர் சேர்ந்த காலத்தில் அவள் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. "லாட்ஜுக்குப் போறேன்னு தெருவுல நின்னு சொல்லாதீங்க. ரூம் போட்டிருக்கீங்கன்னு நினைச்சுக்கப் போறாங்க." விசாரிக்க வந்த மூவர் அவளிடம் சம்மதம் கேட்டபோதும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "வாரத்துல ஒரு நாள் போதுமா? ரெண்டு நாள் வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டு அவர்களைத் திணறடித்தவள்.

இப்போது அதே சம்மதக் கேள்வியோடு அவரே இன்னொரு வீட்டு வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மாலை. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, லேசாகக் கூன் போட்டு, சட்டையைக் காலர் பட்டன் வரை பூட்டியிருந்தார். ஒரு கணம் கடைக்காரரைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு, "வாங்க, உள்ள வாங்க" என்று வழிவிட்டார்.

இவ்வளவுதானா என்று இருந்தது கடைக்காரருக்கு. அவர் மனதுக்குள் வளர்த்து வைத்திருந்தது பெரிய உருவம். எதிரில் இருந்தது சரியாகத் தூங்காத ஒரு ஆள்.

கேட்க வேண்டியதைப் பேக்கரிக்காரர்தான் கேட்டார். வாய் ஓயாத மனிதர். "உங்களுக்கு எந்தக் கடவுள்னு நாங்க கேக்க மாட்டோம், டாக்டர். ஆனா கடவுள்னு ஒருத்தர் இருக்காருங்கற நம்பிக்கை வேணும். இருக்கா?"

"இருக்கு. பயத்தோடதான் இருக்கு."

"பயம் இருக்கட்டும், நல்லதுதான். அம்மா, நீங்க சொல்லுங்க. இவர் எங்ககூட சேர்றதுல உங்களுக்குச் சம்மதமா? வீட்டுல சம்மதம் இல்லாம நாங்க யாரையும் சேக்கறதில்ல."

டாக்டரின் மனைவி கணவரைப் பார்க்காமல் பதில் சொன்னார். "வீட்டுல பேச்சே குறைஞ்சு போச்சுங்க. அங்கயாவது பேசுவாருன்னா கூட்டிட்டுப் போங்க."

"அங்கயும் பேச விட மாட்டோம்மா. பாதி நேரம் எழுந்து நில்லுங்கம்போம், மீதி நேரம் உக்காருங்கம்போம்." அச்சகக்காரர் சிரித்தார். டாக்டரின் மனைவியும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புக்கு வேலை வந்து வெகுநாளாகியிருக்கும் என்பது, அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டதில் தெரிந்தது.

"எதுக்காகச் சேரணும்னு தோணிச்சு?" என்று அச்சகக்காரர் கேட்டார்.

டாக்டர் தன் கைகளைப் பார்த்தபடி பேசினார். "என் கையில ஒரு அம்மா இறந்துட்டாங்க. என் தப்பு இல்லைன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் மனுஷங்க நடுவுல உக்காரவே முடியல. ஒண்ணா நின்னு, ஒண்ணா உக்காந்து, ஒரு ஒழுங்குல ஏதாவது செய்யற இடம் வேணும்னு தோணிச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "மருந்து ஏத்தறப்ப நான் எல்லார்கிட்டயும் பேச்சுக் குடுப்பேன். அந்த அம்மாகிட்டயும் குடுத்தேன். அவங்க கடைசியா சொன்னது... 'அவரு கண்ணாடி என் கைப்பையில இருக்கு. கண்ணாடிக் கடை வச்சிருக்காரு, அது இல்லாம ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. குடுத்துடுங்க.' அவ்வளவுதான். நான் குடுக்கல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

பேக்கரிக்காரர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார். அவருக்கும் அச்சகக்காரருக்கும் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி இறந்தது தெரியும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பது தெரியாது. ஆனால் ஊரில் எத்தனை கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு இப்படி ஆகும்? இருவரும் தங்கள் நண்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரும் தெருமுனை வரை நடந்தார்கள். பிறகு பேக்கரிக்காரர், "நீ ஒரு வார்த்தை சொன்னா, இதை இத்தோட நிறுத்திடலாம்" என்றார்.

"எதுக்கு நிறுத்தணும்? நல்ல மனுஷன். தடையில்லைன்னே எழுதிக் குடுங்க."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்த கைப்பை, உறை பிரிக்காமல் புடவைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதைத் தொட அவருக்குத் துணிவு வந்ததில்லை. அன்று ஆஸ்பத்திரிக் கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததும், கண்ணாடியைத் தொலைத்துவிட்டேன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. பையைத் திறந்தார். அவளுடைய கைக்குட்டையில் சுற்றி, பத்திரமாக, கண்ணாடி. எடுத்துப் போட்டுக்கொண்டார். பார்வை கொஞ்சம் மாறிப்போயிருந்தது. அறையின் ஓரங்கள் வளைந்து தெரிந்தன. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. அந்தச் சங்கத்தில் வாக்குப் பெட்டி மரத்தாலானது. முன்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டமான வாய். உள்ளே ஒரு கிண்ணத்தில் வெள்ளை உருண்டைகளும் கறுப்புச் சதுரக் கட்டைகளும் கலந்து கிடக்கும். விரலால் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்து, பின்னாலுள்ள குழிக்குள் போட வேண்டும். உருண்டை என்றால் வரலாம், சதுரம் என்றால் வேண்டாம். யார் எதைப் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதவு சாத்தியதுதான். ஆனால் கை தவறியிருக்கலாம் என்பதற்காக அடுத்த கூட்டத்தில் இன்னொரு முறை பெட்டி சுற்றி வரும். அப்போதும் கறுப்பு என்றால் பேச்சில்லை.

பெட்டி தன் முன்னால் வந்தபோது கடைக்காரருக்குத் தெளிவாக இருந்தது மனசு. வெள்ளைதான். கையை விட்டார். வழவழவென்று ஒரு உருண்டை விரலில் சிக்கியது. எடுத்தார்.

அப்போது அவர் கைமேல் இன்னொரு கை படிந்தது.

குளிர்ந்த கை. அதன் சுட்டுவிரலில் தையல் ஊசி பட்டுக் காய்த்த இடம் சொரசொரத்தது. எந்த விரல், எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் பிடித்த கை. அது அவர் விரல்களை மெல்லப் பிரித்தது, நகர்த்தியது, மறுபடி மூடியது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர், "என்ன, பெட்டிக்குள்ள குடியிருக்கப் போறியா?" என்று முணுமுணுத்தார். குழிக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

கப்பல்காரர் இழுப்பறையைத் திறந்தார். வெள்ளைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புச் சதுரம். "அடுத்த கூட்டத்துல மறுபடி" என்று மட்டும் சொன்னார். பேக்கரிக்காரர் கடைக்காரரின் பக்கம் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்.

மறுநாள் மத்தியானம் கடைக்காரர் கடைக் கதவைச் சாத்தி, இருட்டறைக்குள் போய், வாடிக்கையாளரின் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எதிரே எழுத்துப் பலகை மட்டும் ஒளிர்ந்தது.

"நீதானா அது?" என்றார்.

மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடியைக் குடுக்கச் சொன்னியே, அந்த ஆள்கிட்டதானே சொன்னே? கோபமா இருந்தா அப்படிச் சொல்லியிருப்பியா?" எழுத்துப் பலகைப் பக்கம் குனிந்தார். "வெள்ளையா, கறுப்பா? ஒரு தடவை சொல்லிடு. நீ சொல்றபடி செய்யறேன்."

எந்த லென்ஸுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் வாயே திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். யாரோ கடைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருட்டில் தன் வலது கையை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது. சுட்டுவிரலைக் கட்டைவிரலால் தடவினார். லென்ஸ் தீட்டித் தீட்டிக் காய்த்த இடம் சொரசொரத்தது.

அவள் கேலி செய்வாள், சண்டை போடுவாள், குழாயை இறுக்குவாள். ஒரு ஆள் முகத்தில் கதவைச் சாத்தியதில்லை. அந்தக் கறுப்புக் கட்டையை யார் எடுத்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் பெயரைச் சொல்லி, அவள் விரலைக் கடன் வாங்கி, அவரேதான் எடுத்திருக்கிறார். நாற்காலியிலேயே குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதார். அதற்கும் இருட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவது வாக்கெடுப்பில் பெட்டிக்குள் அவர் கை மட்டும்தான் இருந்தது. உருண்டையைத் தேடினார், எடுத்தார், போட்டார். அந்த ஒரு கணம், யாராவது தடுக்க மாட்டார்களா என்று ஏங்கினார். ஒருவரும் தடுக்கவில்லை. இழுப்பறை முழுக்க வெள்ளை.

அதற்குப் பிறகு வீட்டுக் குழாய் எளிதாகத் திறந்தது. இருட்டறையில் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே யோசித்துப் பதில் சொன்னார்கள். அவர் கடையைச் சீக்கிரம் சாத்துவதை நிறுத்திவிட்டார். மேலே போய் உட்காருவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

டாக்டரைச் சேர்க்கும் மாலை வந்தது. புதியவரின் கண்ணைத் துணியால் கட்டி, ஒருவர் கைப்பிடித்துச் சபையைச் சுற்றி அழைத்து வருவது வழக்கம். அந்தப் பொறுப்பு அந்த வருஷம் கண்ணாடிக் கடைக்காரருடையது. கதவருகே நின்ற டாக்டரின் வலது கையைப் பிடித்தபோது அது வியர்த்து ஈரமாக இருந்தது. "நான் இருக்கேன், மெதுவா வாங்க" என்று காதருகில் சொன்னார். நடக்க வேண்டிய இடத்தில் நடக்கவைத்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவைத்து, மண்டியிடும் இடத்தில் தோளை அழுத்தினார். கட்டு அவிழ்ந்ததும் டாக்டர் வெளிச்சத்தில் கண் கூசி, யாரையோ தேடுவது போல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

சடங்கு முடிந்து எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் கடைக்காரர் அவரை நிறுத்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கண்ணாடியைப் பத்திச் சொன்னாங்களே அந்த அம்மா..."

"தெரியும்" என்றார் டாக்டர். "அன்னிக்குக் கதவைத் திறந்தப்பவே தெரியும். ஆஸ்பத்திரியில நீங்க வெளிய உக்காந்திருந்தப்ப, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். வெளிய வர தைரியம் வரல. நீங்க என் வீட்டுக்கே வந்து உக்காந்ததும், இதுக்கு மேல மறைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். கண்டிப்பா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"சொன்னேன்" என்றார் கடைக்காரர். விதிப்படி அதைச் சொல்லக் கூடாது. "ஒரு தடவை சொன்னேன்."

டாக்டர் தலைகுனிந்தார். கீழே தட்டுகளும் நாற்காலிகளும் இழுபடும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர் யாரையோ பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக் கலாய்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்தாளா?" என்று கேட்டார் கடைக்காரர். இத்தனை நாளில் அவர் ஒருவரிடமும் கேட்காத கேள்வி.

டாக்டர் ஆறுதலுக்காக எதையோ சொல்ல வாயெடுத்து, அதை விட்டுவிட்டது தெரிந்தது. "பயந்தாங்க. முதல்ல சிரிச்சுப் பேசினாங்க, அப்புறம் பயந்துட்டாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் விடல."

"கடைசி வரைக்குமா?"

"அப்புறமும் கொஞ்ச நேரம். நர்ஸ் வந்துதான் எடுத்து விட்டாங்க."

"எந்தக் கை?"

டாக்டர் வலது கையை மெல்ல உயர்த்திக் காட்டினார். கொஞ்ச நேரத்துக்கு முன்வரை கடைக்காரர் பிடித்துக்கொண்டு சபையைச் சுற்றி வந்த கை. அதன் ஈரம் இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

கீழிருந்து பேக்கரிக்காரரின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அங்கயே படிக்கட்டுல குடித்தனம் வச்சுட்டீங்களா? எல்லாம் ஆறிப்போகுது!"

"வர்றோம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். ஆனால் இருவரும் இன்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றார்கள்.