காது ஆபரேஷனுக்கு மட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டைக்குள் உதிக்கவில்லை. மண்டைக்கு மேலே வளர்ந்த முடியால் வந்தது. வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சலூன் அக்கா ஓர் அட்டை மாட்டியிருந்தாள்: 'இன்றைய வசூல் முழுவதும் பக்கத்துக் கடைத் தையல்காரர் மகளின் காது ஆபரேஷனுக்கு மட்டும்.'

('மட்டும்' அவளாகச் சேர்த்தது. அப்போதுதான் சனம் நம்புமாம்.)

கூட்டம் அள்ளியது. தலையில் முடி இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

2

வக்கீலான அவள் தம்பி மறுநாள் அட்டையைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். [இங்கே சட்டத்தை விளக்கி ஒரு பத்தி எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அவனே பேசட்டும்.]

"ஏன்க்கா, யாருக்காக வசூல் பண்றியோ அவங்ககிட்ட முதல்ல எழுதி வாங்கணும். கடைக் காசோட கலக்காம தனியா வைக்கணும். எதுக்குன்னு சொல்லி வாங்கினியோ அதுக்குத்தான் செலவு பண்ணணும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நல்லது பண்றதுக்குமாடா உன்னைக் கேக்கணும்?"

"அடுத்தவங்க காசுல பண்றப்ப கேக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தாள். தையல்காரரிடம் எழுதி வாங்கினாள். பணத்தை வங்கியில் தனியாகப் போட்டாள்.

3

ஆஸ்பத்திரி ஆபரேஷனை இலவசமாகவே செய்துவிட்டது. குழந்தை இப்போது கத்தரிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறாள். இங்கேயே முடித்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் மகளோடு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த தையல்காரர் மாதக்கணக்கில் கடை திறக்கவில்லை. வாடகை பாக்கி. வெள்ளிக்கிழமை பூட்டுப் போட்டுவிடுவேன் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, அந்தக் காசு சும்மாதானே..." என்று இழுத்தார் தையல்காரர்.

அவள் கண்ணீர் மல்க (இல்லை, அவள் அழுகிற ரகமில்லை) தம்பிக்குப் போன் போட்டாள்.

"கொடுத்தவங்க சரின்னா கொடுக்கலாம்க்கா. இல்லேன்னா அவங்கவங்க காசைத் திருப்பிடணும்."

4

முடிவு ஒன்று: கமுக்கமாகக் கொடுத்துவிடுகிறாள், யாருக்குத் தெரியப்போகிறது? எழுதிப் பார்த்தேன். அதற்கப்புறம் தையல்காரர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: கட்டடக்காரர் மனம் இரங்கி... சே, அந்த ஆளை எனக்குத் தெரியும்.

முடிவு மூன்று: நான் முதல் பகுதிக்கே போய், அட்டையில் 'உதவிக்கு' என்று மட்டும் எழுதிவிடுகிறேன். பழைய வரியை அடிக்கக் கையும் போனது. ஆனால் நீங்கள்தான் படித்தாயிற்றே!

5

வியாழக்கிழமை. அட்டை மாட்டிய அன்றைக்கு வெட்டிய முடியெல்லாம் வளர்ந்து, தலை தலையாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொருவரிடமும் அவள் கேட்கிறாள்.

"தாராளமா கொடுங்கக்கா, மொத்தத்தையும்!" என்றேன் நான்.

"உங்க காசுக்குத்தான் நீங்க சொல்ல முடியும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒருவர் தன் காசைத் திருப்பிக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். பக்கத்துக் கடையில் தையல்காரர் மெஷினைத் துணி போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே முடிவை நான் எழுத முடியாது. அடுத்து நீங்கள்தான். கழுத்தில் துண்டு சுற்றியாயிற்று. கத்தரி உங்கள் காதோரம் வந்து நிற்கிறது.

"அன்னிக்கு ஆபரேஷனுக்குன்னு கொடுத்தீங்களே, அதை தையல்கார அண்ணன் கடை வாடகைக்குக் கொடுக்கட்டுமா?"

தலையை ஆட்டாதீர்கள், கத்தரி இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.